22-ஆம் நம்பர் ரங்கராஜன்கள்

ஸ்ரீரங்கத்தில் எனக்கு நெருக்கமான ஒரு வீட்டில் அண்மையில் ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் புண்ணியாவாசனம். பேரன் பிறந்தால் ரங்கராஜன் என்று பெயர் வைப்பதாகப் பாட்டி மகனின் கல்யாணத்தன்றே தீர்மானித்துவிட்டாள். அது அவள் மாமனாரின் பெயர். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பெயர் எழுதப் போகிற நேரத்தில், குழந்தையின் அப்பா கைபேசியை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறவன்.

"மாமா, ரங்கராஜன் வேண்டாமாம்."

"யார் சொன்னா?"

"நியூமராலஜிஸ்ட். கூட்டினா 22 வர்றதாம். ராகுவோட நம்பராம். காசு தங்காது, ஊரெல்லாம் ஏமாத்தும், எதைக் கட்டினாலும் மணல்கோட்டைன்னு போட்டிருக்கார். 'ராஜன்'ல இன்னொரு ஏ சேர்த்துண்டா 23 ஆயிடுமாம். 23 சிங்கமாம்."

பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னடா சொல்றான்?" என்றாள். "ஒண்ணுமில்லே பாட்டி, எழுத்து கொஞ்சம் மாறறது" என்றார்கள். அந்தக் கூடத்தில் நின்று "ரங்கராஜா!" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் மூன்று தலையாவது திரும்பியிருக்கும். மூன்றுமே 22. மூன்று பேருமே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, சொந்த வீட்டில் இருந்துகொண்டு, அன்றைக்குச் சம்பந்தி வீட்டு அக்காரவடிசிலுக்காகக் காத்திருந்தவர்கள். ராகு அவர்களை ஏன் விட்டுவைத்தான் என்று கேட்க வாயெடுத்தேன். சுபகாரியம் நடக்கிற வீடு என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கூத்து உங்களுக்கும் தெரிந்ததுதான். காலையில் தொலைக்காட்சியைத் திருப்பினால், நெற்றி நிறையத் திருநீறோ திருமண்ணோ வைத்த ஒருவர் உட்கார்ந்து, தொலைபேசியில் அழுகிற ஒரு பெண்ணிடம் "உங்க பேர்ல ஒரு ஹெச் குறையுதும்மா" என்கிறார். நாம் சிரிக்கிறோம். சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம் பெயரையும் கூட்டிப் பார்க்கிறோம். "நம்பறேன்னு இல்லே, ஒரு எழுத்துதானே, போட்டுட்டாப் போச்சு" என்கிற அரைகுறை நம்பிக்கைதான் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுகிறது.

முதலில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கீரோ என்று ஒருவர் இருந்தார். அயர்லாந்துக்காரர், கைரேகை பார்த்தவர், 1936-ல் செத்துப்போனார். வில்லியம் ஜான் வார்னர் என்பது இயற்பெயர். (அவரே பெயரை மாற்றிக்கொண்டவர்தான்.) இன்று நம்மூர் ஜோசியர்கள் வைத்திருக்கிற அட்டவணை பெரும்பாலும் அவர் பரப்பியது. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் என்றால் 1. பி, கே, ஆர் 2. இப்படியே போய் எஃப், பி (P) 8. 9 எந்த எழுத்துக்கும் கிடையாது, அது புனிதமாம். இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்து, அதோடு தீர்ந்தது. அதாவது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்த ஒரு குழந்தை உருப்படுமா உருப்படாதா என்பதை, அதன் பாட்டிக்குப் படிக்கவே தெரியாத ஒரு நெடுங்கணக்கில் எழுதித்தான் நவக்கிரகங்கள் தெரிந்துகொள்கின்றன. ராகுவுக்குத் தமிழ் தெரியாது. சமஸ்கிருதமும் மறந்துபோய்விட்டது போலிருக்கிறது.

அந்த அட்டவணைப்படி ரங்கநாதன் என்றால் 33. அருமையான எண்ணாம். ரங்கராஜன் என்றால் 22. ஆகவே ஆகாதாம். உள்ளே ஆதிசேஷன் மேல் படுத்திருப்பவர் ஒரே பெருமாள். இரண்டு பெயரும் அவருடையவைதான். ஒரு பெயரைச் சொன்னால் ராஜயோகம், இன்னொன்றைச் சொன்னால் திவால்!

சரி, திவாலுக்கே வருவோம். 22 என்றால் காசு தங்காது என்றார் அல்லவா அந்த மகான்? திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த ஒரு ரங்கராஜன் இருக்கிறார். சி. ரங்கராஜன். அவரிடம் காசு தங்கவில்லை என்பது உண்மைதான். அச்சடித்து வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கியின் கவர்னர். இந்தியாவில் அன்று பெட்டிக்கடைக் கல்லாவிலும், உண்டியலிலும், கட்சி நிதியிலும், அந்த நியூமராலஜிஸ்ட்டின் மேசை டிராயரிலும் விழுந்த புது நோட்டுகளில் இருந்தது 22-ஆம் நம்பர் ஆசாமியின் கையெழுத்து. இன்னொரு வேடிக்கை: அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் டிசம்பர் 22. பெயரும் 22, தேதியும் 22. கீரோ உயிரோடு இருந்திருந்தால் ரூபாயை விற்றுவிட்டு ஓடச் சொல்லியிருப்பார். ரங்கராஜன் அங்கிருந்து நேராக ஆந்திர மாநில ஆளுநராகப் போனார், பிறகு பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்குத் தலைவரானார், தொண்ணூறு வயதையும் தாண்டினார். கிராமத்தில் ஒரு நாளைக்கு 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடிந்தால் ஏழை இல்லை என்று 2014-ல் அவர் குழு சொன்னதைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. அதற்கும் அவர் பெயரின் எழுத்துக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

இனி அந்த இருவர். ரங்கராஜன் என்று இங்கே வாயைத் திறந்தாலே வந்து நிற்பவர்கள். ஒருவர் டி.எஸ். ரங்கராஜன், இன்னொருவர் எஸ். ரங்கராஜன். உலகத்துக்கு வாலி, சுஜாதா. இருவருமே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள், நாலு வயது வித்தியாசம். வாலி அந்தக் காலத்தில் நண்பர்களோடு 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அதன் முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. பின்னால் சுஜாதாவான பையனும் அந்தப் பத்திரிகையோடு ஒட்டிக்கொண்டிருந்தவன்தான். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே கையெழுத்துப் பத்திரிகை. இந்த இடத்தில் எண் கணிதக்காரர் துள்ளிக் குதிப்பார் என்று எனக்குத் தெரியும். "பார்த்தீங்களா? ரெண்டு பேருமே ரங்கராஜனை விட்டாங்க. விட்ட அப்புறம்தான் கொடி பறந்தது!"

பறந்ததா? கணக்குப் போடுவோம், அவருடைய அட்டவணையிலேயே. சுஜாதா 21. மகுடம் சூட்டும் எண், நல்லது. வாலி? 12. கீரோவின் புத்தகத்தில் 12 என்பது பலியாள். அடுத்தவன் போடும் திட்டத்துக்குத் தலையைக் கொடுப்பவன். 22-ஐ விட்டு 12-க்குப் போவது எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்புக்குள் குதிப்பது. எந்த ஜோசியனாவது அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருப்பானா? எண்ணை விடுங்கள், பெயரைப் பாருங்கள். தம்பி மனைவியைக் கவர்ந்துகொண்டு, மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த அம்பில் செத்தவன் வாலி. அவனைக் கொன்றவன் ராமன். கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரே இன்னும் நிற்கிறது. அந்த ஊரில் வளர்ந்த, வைணவக் குடும்பத்துப் பிள்ளை அந்தப் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டு அலைந்தார். காரணம் ரொம்பச் சாதாரணம். அவருக்கு ஓவியராக ஆசை. ஆனந்த விகடனில் மாலி பெரிய ஓவியர். மாலி மாதிரி நீ வாலி என்று ஒரு பள்ளித் தோழன் சூட்டிவிட்டான். பஞ்சாங்கம் பார்க்கவில்லை, தட்சிணை வைக்கவில்லை.

சரி, பெயர் மாறியதும் கதவு திறந்ததா? திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதினார். சென்னைக்குப் போனார். 1950களின் கடைசியில் ஒரு பாட்டுக் கிடைத்தது, பிறகு பட்டினி கிடைத்தது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டியவர், 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நின்றுவிட்டார் என்பது அவரே மேடைக்கு மேடை சொன்ன கதை. 1963-ல் 'கற்பகம்', அடுத்த வருஷம் 'படகோட்டி'. அதற்குப் பிறகுதான் கொடி. அதுவரை அந்தப் பெயர் என்ன செய்துகொண்டிருந்தது? அம்மா மண்டபத்தில் குளித்துக்கொண்டிருந்ததா? வாலி என்ற பெயரோடுதான் அவர் பட்டினி கிடந்தார். வாலி என்ற பெயரோடுதான் பத்மஸ்ரீ வாங்கினார். பெயர் இரண்டுக்கும் பொது என்றால், வித்தியாசத்தை உண்டாக்கியது வேறு ஏதோ. எழுதத் தெரிந்தது, விடாமல் எழுதியது, மெட்டுக்குள் வார்த்தையை உட்கார வைக்கிற சாமர்த்தியம், எம்.ஜி.ஆர். என்கிற ஆள், நேரம். இதையெல்லாம் ஒரு 'ஏ'யில் அடக்கிவிடலாம் என்கிறவன் வாலியைப் படித்தவனும் இல்லை, பாட்டைக் கேட்டவனும் இல்லை.

சுஜாதா விஷயம் இன்னும் மட்டம் தட்டுகிற விஷயம். அவர் பெயரை விட்டதற்குக் காரணம் ராகு இல்லை, இன்னொரு ரங்கராஜன்! குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். அதே பத்திரிகையில் எஸ். ரங்கராஜன் என்று இன்னொருவர் எழுதினால் வாசகர் குழம்புவார் என்று மனைவி பெயரைப் போட்டுக்கொண்டார். அதாவது ரங்கராஜன் என்ற பெயர் துரதிருஷ்டமானது என்பதால் விடவில்லை; அந்தப் பெயரில் ஒருவர் அளவுக்கு மீறிப் பிரபலமாக இருந்ததால் விட்டார். இதைவிடச் சுத்தமாக ஒரு மூடநம்பிக்கையை எப்படி உடைப்பது? 22 ஓகோவென்று ஓடியதால்தான் சுஜாதாவுக்கு அதில் இடமில்லாமல் போனது. ரயிலில் 'இந்தப் பெட்டி நிரம்பிவிட்டது' என்றதும் அடுத்த பெட்டியில் ஏறுகிறவனைப் பார்த்து, முதல் பெட்டிக்கு ராசியில்லை என்பார்களா?

அந்த ரா.கி. ரங்கராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர் இல்லை, கும்பகோணத்துக்காரர். இருந்தாலும் இந்த வழக்கில் அவர்தான் என் முக்கிய சாட்சி. சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, வினோத் என்று வேண்டிய அளவு புனைபெயர்கள் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் ஒரே இதழில் இரண்டு மூன்று பெயரில் எழுதியவர். துப்பறியும் கதைக்கு ஒரு பெயர், நகைச்சுவைக்கு ஒரு பெயர், சினிமாத் துணுக்குக்கு ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிரகம். இந்த வாரம் செவ்வாய்க்குச் சம்பளம் கொடுப்பதா சுக்கிரனுக்குக் கொடுப்பதா என்று குமுதம் கணக்குப் பிள்ளை திண்டாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பெயரில் எழுதினாலும் கதை ஓடியது. ஏனென்றால் கை ஒன்று.

இதற்கெல்லாம் இந்தத் தொழில்காரர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. எப்போதும் இருக்கும். "இனிஷியலோட கூட்டணும் சார்." ஆகா, கூட்டுவோம். சி. என்றால் 3. எஸ். என்றாலும் 3. சி. ரங்கராஜன் 25, எஸ். ரங்கராஜனும் 25. முன்னவர் அந்த 25-ஐக் கையில் வைத்துக்கொண்டே ரிசர்வ் வங்கிக்குப் போனார். பின்னவர் அதே 25-ஐக் கழற்றிவிட்டுத் தமிழ்நாட்டை ஆட்டிவைத்தார். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு உழைத்தபோது, அலுவலகத்துக்கு அவர் எஸ். ரங்கராஜன்தான், அங்கே சுஜாதா என்றால் வீட்டுக்காரம்மா. பகலில் 25, ராத்திரியில் 21! இரண்டு ஷிப்டிலும் வேலை ஒழுங்காக நடந்தது. இதைச் சொன்னால், "பிறந்த தேதியோட பார்க்கணும்" என்பார்கள். அதைச் சொன்னால் ஜாதகம். ஜாதகத்தைக் காட்டினால் பூர்வ ஜன்மம். சாவி பொருந்தவில்லை என்றால் வீட்டையே மாற்று என்கிற பூட்டுக்காரர்கள்.

சுஜாதா என்ற பெயருக்கும் ஒரு வார்த்தை. அதே 21-ல் ஒரு நடிகை சுஜாதா இருந்தார், 'அவள் ஒரு தொடர்கதை'யில் கண்ணால் மட்டுமே நடித்து நம்மை அழவைத்தவர். பாடகி சுஜாதா இருக்கிறார். புத்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதை கதையில் இருக்கிறாள். ஒருவர் நடித்தார், ஒருவர் பாடுகிறார், ஒருத்தி சமைத்தாள், ஒருவர் கணேஷ்-வசந்தைப் படைத்தார். இந்த நால்வரையும் சேர்த்து ஒரு பலன் எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? 'கலைத்துறையில் ஈடுபாடு, உணவில் நாட்டம்' என்று எழுதுவார்கள். எந்தத் தமிழனுக்கு இந்த இரண்டும் இல்லை?

கதாபாத்திரங்களின் பெயரையும் கூட்டிப் பார்க்கிற மேதைகள் உண்டு. படத் தலைப்புக்கே எழுத்து சேர்க்கிற ஊர் ஆயிற்றே. 'படிக்காத மேதை'யில் சிவாஜி ரங்கன். 1982-ல் ரஜினி 'ரங்கா'. ஒருவன் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டும் நன்றி மறக்காத அப்பாவி, இன்னொருவன் அடிதடி. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ரங்கு ஒரு கடை வைத்துக்கொண்டு ஊர் வம்பு முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாலி என்ற பெயரில் 1999-ல் ஒரு படம் வந்தது, தம்பி மனைவிக்கு ஆசைப்படுகிற அண்ணன் கதை. அதே பெயரில் ஒரு கவிஞர் அப்போது தமிழ்நாட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெயர் குணத்தைத் தீர்மானிக்கும் என்றால் இவரையல்லவா முதலில் கண்காணித்திருக்க வேண்டும்?

இந்தப் பெயர்க்காரர்கள் நீதிமன்றத்தையும் விடவில்லை. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படத்தின் கதையை எழுதியவர் வாலி, தயாரித்தவர் எஸ். ரங்கராஜன் (சுஜாதா இல்லை, வேறொருவர்). இரண்டு ரங்கராஜன்கள் சேர்ந்து எடுத்த படம்! 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. தெருவில் கலாட்டா நடக்கும் என்று மிரட்டுவதற்காகக் கருத்துச் சுதந்திரத்தை அரசு பறிக்கக் கூடாது என்றது. இன்றைக்கும் இந்தியாவில் எந்தப் படத்தைத் தடை செய்தாலும் வக்கீல்கள் அந்த ரங்கராஜன் வழக்கைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதன் பிறகு இன்னொரு ரங்கராஜன், மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ரங்கராஜன். 2003-ல் ஜெயலலிதா அரசு வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதே பெயர், அதே நீதிமன்றம்: 1989-ல் வெற்றி, 2003-ல் தோல்வி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. அந்தக் கூடத்தில் கடுப்போடு உட்கார்ந்திருந்தபோது சும்மா ஒரு தாளில் ஜெயலலிதா என்று எழுதிக் கூட்டினேன். பழைய எழுத்தில் சரியாக 22. ரங்கராஜனுக்கு உள்ள அதே 22! 2001-ல் கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்த்தாரே, எண் கணிதத்துக்காக என்று நாடே பேசியதே, அதைச் சேர்த்தால் 23. நம் குழந்தைக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டும் அதே 'ஏ', அதே சிங்கம். ஆக மருந்து ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பலனைப் பாருங்கள். 1991-ல் முதன்முதலாக முதலமைச்சரானது வெறும் 22-ல். 23 வந்த அதே 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவி போனது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் முப்பத்தொன்பது தொகுதியும் போனது. 2006-ல் ஆட்சி போனது. 2011-ல் வந்தார், எங்கிருந்து? ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து. தெருவுக்குத் தெரு 22-கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு 23-ஐ அனுப்பினார்கள். 2014 செப்டம்பரில் பெங்களூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து அந்தச் சட்டமன்ற இடமும் போய், அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீரங்கம் இன்னொரு முறை தேர்தலைப் பார்த்தது. ஏற்றமும் இறக்கமும் அரசியலில் சகஜம் என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். சகஜமாக நடப்பதற்கு எதற்கு ஒரு 'ஏ'?

திருச்சிக்காரர்களுக்கு இன்னொரு ரங்கராஜன் நினைவிருக்கும். ரங்கராஜன் குமாரமங்கலம். 1998-லும் 1999-லும் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தவர், மத்திய மின்துறை அமைச்சர், 2000 ஆகஸ்டில் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். அவர் இறந்தபோதே ஒருவர் என்னிடம் "பேர் சரியில்லே" என்றார். இழவு வீட்டில் கூட விட மாட்டார்கள் போலிருக்கிறது. அவருக்கு நாற்பத்தெட்டு, ரிசர்வ் வங்கிக்காரருக்குத் தொண்ணூறுக்கு மேல், வாலிக்கு எண்பத்தொன்று, சுஜாதாவுக்கு எழுபத்திரண்டு. நாலு பேருக்கும் பெற்றோர் வைத்தது ஒரே பெயர். எமன் கையில் வேறு ஏதோ பட்டியல் இருக்கிறது.

மனிதர்களை விடுங்கள். இந்த ஊரையே கூட்டிப் பார்த்தேன். திருச்சி என்று இங்கிலீஷில் நாம் சுருக்கி எழுதுகிறபடி கூட்டினால் 16. கீரோ 16-க்குப் போட்டிருக்கிற படம் இடி விழுந்து சரிகிற கோபுரம்! எந்த ஊருக்கு? மலைக்கோட்டையும் ராஜகோபுரமும் இருக்கிற ஊருக்கு. அந்த ராஜகோபுரம் சில நூற்றாண்டுகள் பாதியில் நின்று மொட்டைக் கோபுரம் என்று பெயர் வாங்கியிருந்தது. அகோபில மடத்து நாற்பத்து நான்காவது ஜீயர் வந்தார். ஊர் பெயரில் எழுத்தைக் கூட்டவில்லை, கோபுரத்தில் நிலையைக் கூட்டினார். ஊர் ஊராகப் பணம் திரட்டி, பதின்மூன்று நிலை, 236 அடி. 1987 மார்ச்சில் சம்ப்ரோட்சணம். 16-ஆம் நம்பர் ஊரில் அது அசையாமல் நிற்கிறது. வெள்ளைக்காரன் 'ட்ரிச்சினாபலி' என்று வாயில் போட்டு மென்ற பெயரோடுதான் நம் உறையூர் சுருட்டு லண்டன் போனது; 1887-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையில் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். எழுத்து கோணலாக இருந்ததால் சுருட்டு புகையாமல் போகவில்லை.

இங்கே அரசாங்கத்தையும் ஒரு பிடி பிடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2020-ல், ஊரே கொரோனாவில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, 1,018 ஊர்களின் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப இங்கிலீஷில் எப்படி எழுத வேண்டும் என்று ஓர் ஆணை போட்டார்கள். எழுத்துகளைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளில் வாபஸ். நோக்கம் நல்லதுதான், எண் கணிதமும் இல்லை. ஆனாலும் தெருவில் சாக்கடை ஓடும்போது பெயர்ப் பலகையில் எழுத்து சேர்க்கிற புத்தி எங்கிருந்து வருகிறது? அந்த நியூமராலஜிஸ்ட்டின் அறையிலிருந்துதான் வருகிறது. உத்திர வீதியில் திண்ணை வைத்த வீட்டை இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டி, அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சூட்டி, அதிலும் ஒரு 'ஏ' சேர்த்து, பார்க்கிங் மட்டும் விட மறந்துபோகிறார்கள். வண்டி நம்பர் கூட்டினால் 9 வர வேண்டும் என்று காசு கட்டுகிறவன் சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் வருகிறான். 9 காப்பாற்றும் என்ற தைரியம்.

இதை நம்புவது பக்தர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை இருக்கிறது. அவர் பெயர் ராமசாமி. ராமன் பெயரையும் சாமியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஆயுள் முழுக்க ராமனையும் சாமியையும் திட்டித் தீர்த்தவர். பெயர் குணத்தை உண்டாக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய செருப்படி கிடையாது. அந்தச் சிலைக்கு மாலை போடுகிற குடும்பங்களிலேயே பேத்திக்குப் பெயர் வைக்கும்போது ரகசியமாக 'ஒரு தடவை கூட்டிப் பார்த்துடலாம்' என்கிறார்கள். பார்த்துவிட்டு நல்ல தமிழில் வைக்கிறார்களா? இல்லை. இரண்டு 'ஷ்' உள்ள ஏதோ ஒரு சத்தத்தை வைக்கிறார்கள். கேட்டால், "யூனிக்கா இருக்கட்டும்னு." ஒரே வகுப்பில் அதே யூனிக் சத்தம் நாலு உட்கார்ந்திருக்கிறது.

கோயிலுக்குள்ளேயே ஒரு பெயர் மாற்றம் நடந்திருக்கிறது, அதைச் சொல்ல ஒரு ஜோசியனும் முன்வருவதில்லை. 1323-ல் டில்லிப் படை வந்தபோது உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதுரை, கேரளம், மேல்கோட்டை, திருப்பதி என்று அலைந்து, 1371-ல்தான் அவர் ஊர் திரும்பினார். போனபோது அவர் பெயர் அழகிய மணவாளன். வந்தவர் அவர்தானா என்று கண்டு சொல்ல ஊரில் பழைய ஆள் யாருமில்லை. கண் தெரியாத கிழட்டு வண்ணான் ஒருவர், திருமஞ்சன ஈரம் பிழிந்த துணியை முகர்ந்து பார்த்து, இவரே நம்பெருமாள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் உற்சவருக்குப் பெயர் என்பது கோயில் மரபு. நல்ல காலம் முன்னால் வந்தது. பெயர் பின்னால் வந்தது. கொடுத்தவர் யார்? காலமெல்லாம் அந்தத் துணியைத் துவைத்தவர். பெருமாளுக்கே பெயர் அப்படித்தான் கிடைத்திருக்கிறது என்றால், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கழிக்க ஒரு ஆளுக்கு இரண்டாயிரமும் மூவாயிரமும் கொட்டிக் கொடுப்பானேன்?

அந்த இரண்டாயிரத்தோடு போனால் பரவாயில்லை. சேர்த்த 'ஏ' பிற்பாடு என்ன பாடு படுத்தும் என்று அந்த மகான் சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு 'ஏ', ஆதாரில் அடிக்கிறவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு 'ஏ', பள்ளி மாற்றுச் சான்றிதழில் மறுபடி ஒன்று. பாஸ்போர்ட் அலுவலகத்தில், மூன்று பேரும் ஒரே ஆள்தானா என்று கேட்பார்கள். அங்கிருந்து நோட்டரி, அங்கிருந்து அரசிதழ், அங்கிருந்து மறுபடி ஆதார். 22-க்கு ராகு செய்ய நினைத்ததை எல்லாம் 23-க்கு குமாஸ்தாக்கள் செய்து முடிப்பார்கள். ராகுவுக்காவது திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் செய்யலாம்.

இலங்கையில் கோவூர் என்று ஒரு பகுத்தறிவாளர் இருந்தார். ஜோசியர்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் லட்ச ரூபாய் பந்தயம் வைத்தார். 1978-ல் அவர் சாகிற வரை யாரும் ஜெயிக்கவில்லை. என்னிடம் லட்சமெல்லாம் இல்லை. ஸ்ரீரங்கம் தொகுதி வாக்காளர் பட்டியலைத் தருகிறேன். அதிலுள்ள ரங்கராஜன்களை மட்டும் பொறுக்கி எடுத்து, இவர் பி.எச்.இ.எல்.லில் ஃபோர்மேன், இவர் பொன்மலைப் பணிமனை, இவர் மடப்பள்ளி, இவர் கடன்காரர், இவர் கவிஞர் என்று பெயர் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்டட்டும். எல்லோருக்கும் 22 என்பதால் கூட்டுகிற சிரமம்கூட அவருக்கு இல்லை. பிறகு அவர் கேட்கிற ஃபீஸை நானே கொடுக்கிறேன், எந்தக் கவர்னர் கையெழுத்துப் போட்ட நோட்டில் வேண்டுமென்று சொன்னால் போதும்.